சப்வூஃபர் ஆம்ப் மக்கர் பண்ணினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

காரின் டிக்கியில் இருந்து சப்வூஃபரை (பேஸ் ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) அடம்பிடித்தால் முதலில் வாயில் வருவது "ஆம்ப் போச்சு" என்பதுதான். பெரும்பாலும் அது போயிருக்காது. குற்றம் எர்த்தில் இருக்கும், இல்லையென்றால் ஸ்பீக்கரின் ஓம் (மின்தடை) கணக்கில், அதுவும் இல்லையென்றால் ஆம்ப்பில் இருக்கும் கெயின் திருகியைத் திருகிய கையில். அதனால் ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் மீட்டரை எடுங்கள். சில அளவுகளைப் பாட்டு ஓடும்போதுதான் எடுக்க வேண்டும். கரண்ட் இழுக்காதவரை எல்லா ஒயரும் நல்ல ஒயர்தான்.

தேவைப்படுபவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் செல், உப்புத்தாள், காரின் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர். ஒயரைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிடுங்கள். ஹைப்ரிட், எலெக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் பக்கமே போக வேண்டாம். நமக்கு வேலை 12 வோல்ட் லைனில் மட்டும்தான்.

ஆம்ப்பில் லைட்டே எரியவில்லை

ஆம்ப்புக்கு உயிர் கொடுப்பவை மூன்று ஒயர்கள். பேட்டரியிலிருந்து வரும் பிளஸ், பாடிக்குப் போகும் எர்த், ஸ்டீரியோவிலிருந்து வந்து ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட். மீட்டரின் கறுப்பு முனையை ஆம்ப்பின் எர்த் டெர்மினலிலேயே வையுங்கள். பலரும் பக்கத்தில் தெரியும் ஏதோ ஒரு இரும்பில் வைத்துப் பார்த்துவிட்டு "12 வோல்ட் வருதே" என்பார்கள். அப்படிப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டிய எர்த் ஒயரையே தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

சிவப்பு முனை பிளஸ் டெர்மினலில் இருக்கும்போது, எஞ்சின் நின்றிருந்தால் 12.4 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். எஞ்சின் ஓடினால் பல கார்களில் 13.8 முதல் 14.4 வரை. பூஜ்யம் காட்டினால் கறுப்பு முனையை இப்போது பாடிக்கு மாற்றுங்கள். அங்கே 12 வந்தால் எர்த் அறுந்திருக்கிறது. அங்கேயும் பூஜ்யம் என்றால் பேட்டரி பக்கத்து ஃபியூஸைப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது, இரண்டு முனையிலும் மீட்டர் வைக்க வேண்டும். ஃபியூஸ் நன்றாக இருந்து அதன் கூடு பழுப்பேறி உருகியிருந்தால், உள்ளே ஒயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ லூஸ்.

பிளஸ் சரி, எர்த் சரி, ரிமோட்டில்தான் பூஜ்யமா? ஸ்டீரியோவின் பின்னால் பாருங்கள். ஆஃப்டர்மார்க்கெட் (தனியாக வாங்கி மாட்டும்) ஸ்டீரியோக்களில் வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர்தான் வழக்கமாக ஆம்ப்புக்கு உரியது. கோடில்லாத நீலம் ஆன்டெனாவுக்கு. பல செட்டுகளில் ரேடியோ ஓடும்போது மட்டுமே அதில் 12 வோல்ட் வரும். "ரேடியோவில் பேஸ் வருது, ப்ளூடூத் போட்டா நின்னுடுது" என்று யாராவது சொன்னால் நேராக அந்த ஒயரைப் பார்க்கலாம். உறுதி செய்ய, ஆம்ப்பின் பிளஸிலிருந்து ரிமோட் டெர்மினலுக்கு ஒரு துண்டு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். ஆம்ப் விழித்துக்கொண்டால் பிழை ரிமோட் லைனில்.

மூன்று டெர்மினலிலும் வோல்ட்டேஜ் இருந்து, ஆம்ப்பின் பக்கவாட்டு ஃபியூஸும் நன்றாக இருந்து, அப்போதும் லைட் இல்லையென்றால்தான் ஆம்ப்பைச் சந்தேகிக்கலாம்.

புரொடெக்ட் லைட் எரிகிறது

சிவப்பு லைட்டைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, எதிலிருந்து என்பதுதான் கேள்வி. ஸ்பீக்கர் ஒயர், ஆர்சிஏ (ஸ்டீரியோவிலிருந்து பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஒயர்) இரண்டையும் கழற்றிவிட்டு வெறும் மூன்று ஒயரோடு ஆன் செய்யுங்கள். அப்போதும் சிவப்பு என்றால், வோல்ட்டேஜ் சரியாக இருக்கும் பட்சத்தில், உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கும் வாய்ப்பு அதிகம். சிவப்பு போய்விட்டால் ஆஃப் செய்து ஆர்சிஏவை மாட்டி ஆன் செய்யுங்கள். பிறகு மறுபடி ஆஃப் செய்து ஸ்பீக்கர் ஒயரை மாட்டுங்கள். எதை மாட்டியதும் சிவப்பு திரும்புகிறதோ அதுதான் ஆள்.

ஸ்பீக்கர் ஒயர் மாட்டியதும் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப் முனையில் கழற்றி மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, டெர்மினலில் நுழையும் இடத்தில் ஒரு மயிரிழைக் கம்பி தப்பிப் பக்கத்து டெர்மினலைத் தொடுகிறதா? இரண்டு, ஸ்பீக்கர் ஒயருக்கும் கார் பாடிக்கும் இடையில் மீட்டர் பீப் அடிக்கிறதா? அடித்தால் சீட்டுக்கடியில் எங்கேயோ ஒயர் நசுங்கியிருக்கிறது. மூன்று, இரண்டு ஒயருக்கும் நடுவே எத்தனை ஓம்?

இந்த மூன்றாவது இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மீட்டர் காட்டுவது டிசி ரெசிஸ்டன்ஸ். அது ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் பெயரளவு ஓமைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். 4 ஓம் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) 3.2 முதல் 3.8 வரை காட்டினால் சரியே. சப்பில் இரட்டை வாய்ஸ் காயில் இருந்தால் கணக்கு மாறும். இரண்டு 4 ஓம் காயிலைப் பாரலலாக இணைத்தால் 2 ஓம், சீரீஸாக இணைத்தால் 8. இரண்டு 2 ஓம் காயில் என்றால் பாரலலில் 1, சீரீஸில் 4. அப்படிப்பட்ட இரட்டை 2 ஓம் சப்புகள் இரண்டை வாங்கி எல்லாவற்றையும் பாரலலாகக் கட்டினால் அரை ஓம். ஒரு ஓம் வரை தாங்கும் ஆம்ப் அதைப் பார்த்தால் சிவப்பு காட்டாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு சப்பிலும் காயில்களை சீரீஸாக்கி, பிறகு இரண்டு சப்பையும் பாரலலாக்கினால் 2 ஓம் வரும்.

ஆம்ப்பை பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே சப்புக்குக் கொடுத்தால்) இன்னொரு பொறி உண்டு. பிரிட்ஜில் 4 ஓம் சப்பை மாட்டினால் ஒவ்வொரு சேனலும் அதை 2 ஓமாகத்தான் உணர்கிறது. ஆம்ப்பின் மேல் "2 ஓம் ஸ்டேபிள்" என்று எழுதியிருந்தால் அது ஒரு சேனலுக்கு. பிரிட்ஜில் அதன் எல்லை 4.

சத்தம் குறைவாக இருக்கும்போது சரி, கூட்டினால் மட்டும் சிவப்பு என்றால் அது வேறு கதை. வோல்ட்டேஜ் இறங்குகிறது, அல்லது ஆம்ப் கொதிக்கிறது. முதலாவதைக் கீழே 'ஹெட்லைட் மங்குகிறது' பகுதியில் பாருங்கள். இரண்டாவதற்கு, ஆம்ப்பைச் சுற்றி காற்று போக நாலு விரல் இடம் விடுங்கள், கார்பெட்டுக்கடியில் புதைக்காதீர்கள். சப் பெட்டியின் மேலேயே ஆம்ப்பைத் திருகுவதும் எனக்குப் பிடிக்காது. அந்த அதிர்வில் நாளடைவில் சால்டர் விடும், ஸ்க்ரூ தளரும்.

மெயின் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வு அல்ல, தீ வைப்பது. ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பதற்கு இல்லை, ஒயரைக் காப்பதற்கு. அதனால்தான் அது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஆம்ப் முனையில் பிளஸைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு புது ஃபியூஸ் போடுங்கள். அப்போதும் போனால் ஒயர் வழியில் எங்கேயோ பாடியைத் தொடுகிறது. முதலில் எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் துளையைப் பாருங்கள். ரப்பர் வளையம் போடாமல் நுழைத்த ஒயரைத் தகட்டின் விளிம்பு மெல்ல மெல்ல அறுத்திருக்கும்.

முதல் முறை பேட்டரியை இணைக்கும்போது 'சட்'டென்று ஒரு பொறி பறந்தால் அது ஆம்ப்புக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆவது. பயப்படத் தேவையில்லை.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது

கணக்கிலிருந்து தொடங்குவோம். 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) தரும் கிளாஸ் டி வகை ஆம்ப், 80 சதவீதத் திறனோடு வேலை செய்தால் உள்ளே இழுப்பது 625 வாட். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 45 ஆம்பியர். அதே 500 வாட்டை 55 சதவீதத் திறனுள்ள கிளாஸ் ஏபி ஆம்ப் தர வேண்டுமென்றால் 66 ஆம்பியர். சப்புக்கு கிளாஸ் டி வாங்கச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

இப்போது ஒயர். 4 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் கனம்) செம்பு ஒயரின் குறுக்குப் பரப்பு சுமார் 21 சதுர மில்லிமீட்டர். 5 மீட்டர் நீளத்தில் 45 ஆம்பியர் ஓடினால் இழப்பு சுமார் 0.18 வோல்ட். 8 கேஜ் போட்டால் 0.46. 'சிசிஏ' என்று விற்கும் செம்புப் பூச்சுள்ள அலுமினிய ஒயரில் இழப்பு செம்பைப் போல ஒன்றரை மடங்கு. கம்பியின் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். அதையே போட்டாக வேண்டுமென்றால் இரண்டு சைஸ் பெரிதாகப் போடுங்கள்.

அளக்கும் முறை இது. 50 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஒலி) சில நொடிகள் மட்டும் ஓடவிடுங்கள், பாட்டின் துள்ளலை மீட்டரால் பின்தொடர முடியாது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் பிளஸ் கம்பத்தில், மறுமுனை நீள ஒயர் வழியாக ஆம்ப்பின் பிளஸில். காட்டும் எண் அந்த வழியில் தொலையும் வோல்ட்டேஜ். அதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப் எர்த்துக்கும். பிளஸ் பக்கம் 0.3க்குள், எர்த் பக்கம் 0.1 அருகில் இருந்தால் ஒயரிங்கைக் குறை சொல்ல முடியாது. எர்த்தில் அரை வோல்ட் வந்தால் போல்ட்டைக் கழற்றுங்கள்.

இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்து, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கம்பத்தில் 12க்குச் சரிகிறது என்றால் சப்ளையே போதவில்லை. பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து எஞ்சினுக்கு, ஆல்டர்நேட்டர் பிளஸிலிருந்து பேட்டரி பிளஸுக்கு என மூன்று ஒயர்களையும் கனமானதாக மாற்றுவது முதல் படி (பிளஸ் ஒயருக்குத் தனி ஃபியூஸ் போடுங்கள்). அதற்கும் மசியாவிட்டால் பேட்டரி, ஆல்டர்நேட்டர்.

கப்பாசிட்டர் போடலாமே என்று கேட்பீர்கள். ஒரு ஃபாரட் கப்பாசிட்டர் 14.4லிருந்து 13.4க்கு இறங்கும்போது தருவது 14 ஜூல். 1000 வாட் வெளியே தள்ள 1250 வாட் இழுக்கும் ஆம்ப்புக்கு அது 11 மில்லி செகண்டுக்கு வரும். 40 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே 25 மில்லி செகண்ட் ஆகும். அரைச் சுற்றுக்குக் கூடப் போதாத சாப்பாடு.

எஞ்சின் வேகத்தோடு ஏறும் 'ஙீ' சத்தம்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறி, விட்டால் இறங்கினால் அது ஆல்டர்நேட்டர் இரைச்சல். வேடிக்கை என்னவென்றால், சப் ஆம்ப் மாட்டிய பிறகு வந்தாலும் அது பெரும்பாலும் கதவு ஸ்பீக்கரில்தான் கேட்கும். 80 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்ட சப்பால் அவ்வளவு மெல்லிய குரலில் பாட முடியாது. எர்த் மோசமான சப் ஆம்ப், தன் கரண்ட்டின் ஒரு பகுதியை ஆர்சிஏவின் வெளி உறை வழியே ஸ்டீரியோவுக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்கிருந்து சத்தம் மற்ற சேனலுக்கும் பரவுகிறது.

என் காரிலேயே இது நடந்தது. கதவு ஸ்பீக்கர்களுக்குத் தனி ஆம்ப் வைத்திருந்தேன். சப் ஆம்ப் சேர்த்த அன்றே இரைச்சல். ஆர்சிஏ ஒயரை மாற்றினேன். விலை கூடிய இன்னொன்றை வாங்கி மறுபடி மாற்றினேன். பவர் ஒயரை இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்கு இழுத்தேன், கார்பெட் எல்லாம் வெளியே. இரண்டு நாள் கழித்துத்தான் மீட்டர் ஞாபகம் வந்தது. பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப் எர்த்துக்கும் நடுவே 0.9 வோல்ட். போல்ட்டைக் கழற்றினால், லக் (ஒயர் நுனியின் உலோக வளையம்) பளபளவென்று இருக்கிறது, அதன் கீழே பாடியின் பெயின்ட்டும் பளபளவென்று இருக்கிறது. நாணயம் வைத்த தடம் மாதிரி ஒரு வட்டம், கீறல்கூட இல்லை. அத்தனை கரண்ட்டும் போல்ட்டின் மரை வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கினேன். 0.04. இரைச்சல் போன இடம் தெரியவில்லை.

எனவே வரிசை இதுதான்: எர்த் முதலில். அரை மீட்டருக்குள், பவர் ஒயரின் அதே கனத்தில், வெறும் தகட்டில். வேலை முடிந்ததும் மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசுங்கள், துரு பிடிக்காது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்காதீர்கள். அந்த போல்ட்டின் வேலை உயிர் காப்பது.

எர்த் சுத்தமாகியும் இரைந்தால், சப்தம் போடும் ஆம்ப்பிலிருந்து ஆர்சிஏவைப் பிடுங்குங்கள் (ஆஃப் செய்துவிட்டு). சத்தம் நின்றால் பிழை முன்பக்கம், அதாவது ஸ்டீரியோ பக்கம். போனை சார்ஜரில் போட்டு ஆக்ஸ் ஒயரிலும் மாட்டியிருந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், ஸ்டீரியோவின் உலோகக் கூட்டிலிருந்து ஆர்சிஏவின் வெளி வளையத்துக்கு ஒரு ஒயரைத் தொடுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் ஸ்டீரியோவுக்குள் ஆர்சிஏ எர்த்தைக் காக்கும் மிகச் சிறிய ஃபியூஸ் எரிந்திருக்கிறது. ஆம்ப் எர்த் லூஸாக இருக்கும்போது, கரண்ட் உள்ள நிலையில் ஆர்சிஏவைச் செருகினால் இப்படி ஆகும். இதனால்தான் எர்த்தை முதலிலும் ஆர்சிஏவைக் கடைசியிலும் மாட்டச் சொல்வது.

சப் ஆடுகிறது, பேஸ் இல்லை

இரண்டு சப்பில் ஒன்று தலைகீழாக இணைந்திருந்தால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். காற்று அங்கேயே சமன். ஆம்ப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ஒயரில் 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொடுங்கள். செல்லின் பிளஸ் ஒயரின் பிளஸில் இருந்தால் கோன் (சப்பின் கூம்பு) வெளியே வர வேண்டும். ஒரே சப்பின் இரண்டு காயில்களும் எதிரெதிராக இணைந்திருந்தால் கோன் அசையவே அசையாது. அதை அப்படியே ஓட்டினால் காயில் வெறுமனே சூடாகும்.

செல் சோதனையில் தேறினால் ஆம்ப்பின் ஃபேஸ் ஸ்விட்சை (அலையைத் தலைகீழாக்குவது) டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி யாரையாவது 0க்கும் 180க்கும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எதில் பேஸ் கனமாக இருக்கிறதோ அது சரி, புத்தகம் என்ன சொன்னாலும். லோ பாஸ் ஃபில்டர் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) ஸ்டீரியோவிலும் ஆம்ப்பிலும் இரண்டு இடத்தில் ஓடினாலும் சத்தம் மெலியும். ஒன்றை அணையுங்கள், மற்றதை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் ஆம்ப்பின் பக்கவாட்டு ஃபியூஸைப் படியுங்கள். இரண்டு 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் 60 பெருக்கல் 13.8 பெருக்கல் 0.8, கிட்டத்தட்ட 660 வாட். அட்டைப்பெட்டியில் 3000 என்று அச்சடித்திருந்தாலும் தொடர்ந்து தர முடிந்தது அவ்வளவுதான். சிடிஏ-2006 என்ற ஆம்ப் அளவீட்டுத் தர முறைப்படி அளந்த ஆர்எம்எஸ் எண் போட்டிருந்தால் நம்பலாம். அது 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேல் போகாத சிதைவில் அளப்பது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான் என்பதையும் மனதில் வைத்து, சப்பின் ஆர்எம்எஸ், கடைசியில் வரும் ஓம், அந்த ஓமில் ஆம்ப் தரும் வாட், இந்த வரிசையில் பார்த்து வாங்குங்கள்.

கரகரப்பு, பிறகு தீய்ந்த வாடை

உடனே நிறுத்துங்கள். அந்த வாடை வாய்ஸ் காயிலின் வார்னிஷ். கெயின் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் வோல்ட்டேஜுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகி. முழுக்கத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, காயிலுக்கு அசைவைவிட வெப்பம் அதிகமாகப் போகும்.

சரியாக வைக்க: சப் ஒயரைக் கழற்றுங்கள், பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்யமாக்குங்கள் (6 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாட்), ஸ்டீரியோவின் ஈக்வலைசரைச் சமமாக்கி வால்யூமை முக்கால் பங்குக்கு வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் டோன், பூஜ்யம் டெசிபலில் பதிவானது. ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கெயினைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். நிறுத்த வேண்டிய எண், வாட்டையும் ஓமையும் பெருக்கி அதன் வர்க்கமூலம். 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். 500 வாட், 1 ஓம் என்றால் 22.4. 300 வாட், 4 ஓம் என்றால் 34.6. ஆம்ப், சப் இரண்டில் எதன் வாட் குறைவோ அதைக் கணக்கில் எடுங்கள்.

போர்ட் (காற்றுத் துளை) உள்ள பெட்டியாக இருந்தால் சப்சானிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) போர்ட் ட்யூன் ஆன அளவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். ட்யூன் ஆன அளவுக்கும் கீழே ஒலி போனால் கோனைப் பிடிக்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது.

ஆன் செய்யும்போது 'டப்'

ஸ்டீரியோ நிலைப்படும் முன்பே ஆம்ப் விழித்துக்கொள்கிறது. ரிமோட்டை இக்னிஷனிலிருந்து எடுத்திருந்தால் ஸ்டீரியோவின் ரிமோட் ஒயருக்கு மாற்றுங்கள். அது முடியாதென்றால் தாமதப்படுத்தும் ரிலே ஒன்று போடலாம்.

காலையில் பேட்டரி காலி

ஸ்டீரியோவை அணைத்துவிட்டு ரிமோட் டெர்மினலை அளங்கள். அங்கே 12 நின்றால் யாரோ அதை எப்போதும் உயிரோடிருக்கும் லைனில் கட்டியிருக்கிறார்கள். பாட்டு ஓடாமலேயே ஆம்ப் இரவு முழுக்கக் குடிக்கும். பூஜ்யம் என்றால், பேட்டரி நெகட்டிவில் மீட்டரைத் தொடராக மாட்டி (10 ஆம்பியர் துளையில், சாவியைத் தொடாமல்) காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கும்வரை அரை மணி நேரமாவது காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கூடினால் ஆம்ப்பின் ஃபியூஸை உருவிப் பாருங்கள். எண் இறங்கினால் ஆம்ப் பக்கம், இறங்காவிட்டால் காரின் வேறு ஏதோ.

சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் கதவைத் திறக்கும்வரை ஸ்டீரியோ லைன் விழித்திருக்கும். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு அளந்தால் அந்தக் குழப்பம் வராது.